உரிமக் கட்டணமும் பணகுடிக் காற்றும்

பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் நிற்கும் பழைய காற்றாலைகள் பலவற்றின் வடிவமைப்பு டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ உருவானது. உரிமக் கட்டணம் செலுத்தி நம் நாட்டு நிறுவனங்கள் அதைப் பெற்றன. 1991-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை, முன்னுரிமைத் தொழில்களில் உள்நாட்டு விற்பனையில் 5 விழுக்காடு, ஏற்றுமதியில் 8 விழுக்காடு வரையிலான உரிமக் கட்டணத்துக்கு அரசின் ஒப்புதல் தானாகவே கிடைக்க வழிசெய்தது. 2009 இறுதியில் அந்த உச்சவரம்பும் நீங்கியது.

ஆனால், வரைபடம் கைக்கு வந்துவிட்டால் உற்பத்தித்திறனும் உயர்ந்துவிடும் என்று எண்ணுவதை என்னால் ஏற்க இயலவில்லை. காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் என் தங்கை மகன், ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பின் அதன் தலையிலிருந்து இரும்புத் தட்டு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறான். அடுத்த சோதனையில் கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. எனினும், ஆனி, ஆடியில் கணவாய் வழியே சீறிவரும் நம் காற்றுக்கு ஏற்ப இறக்கையின் கோணக் கட்டுப்பாட்டை மாற்றலாமா என்று கேட்டால், அது அயல்நாட்டு மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது என்கிறான்.

1995-இல் தொடங்கிய இந்தியக் காற்றாலை நிறுவனமான சுஸ்லான், தனக்குத் தொழில்நுட்பம் தந்த ஜெர்மானிய நிறுவனமான சூட்விண்ட் நொடித்தபோது அதன் பொறியாளர்களையே பணியில் சேர்த்துக்கொண்டு சொந்தமாக வடிவமைக்கக் கற்றது. நல்ல காற்றோட்டமுள்ள இடங்களில் நிற்கும் 250 கிலோவாட் இயந்திரங்களை அகற்றி, மெகாவாட் அளவிலானவற்றை நிறுவும் இவ்வேளையில், எழுதப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உள்ளூர்ப் பொறியாளருக்கு வடிவமைப்புப் பயிற்சி அளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கயத்தாற்றில் டென்மார்க் உதவியுடன் அமைந்த காற்றாலைச் சோதனை நிலையம் அதற்கு ஏற்ற இடம்.