ஸ்கேனர் கோடு காட்டுவது சர்க்யூட்டை, சென்சாரை அல்ல

பத்து வருடம் தாண்டிய பெட்ரோல் காரில் செக் என்ஜின் லைட் வந்தால், ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுவிட்டு "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்து அளந்து பாருங்கள்.

என் வண்டியில் வந்தது பி0135 என்ற கோடு, அதாவது கோளாறுக் குறியீடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனிலேயே தெரிந்துவிடும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முன்பக்க சென்சாரின் (ஆக்சிஜன் சென்சார்) ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் அதற்கு அர்த்தம். சர்க்யூட் என்றால் ஃபியூஸும் அதில் உண்டு, பச்சை பிடித்த கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) உண்டு, எலி கடித்த ஒயரும் உண்டு. எது போனாலும் இதே கோடுதான் வரும்.

முதலில் ஃபியூஸ், அது நன்றாக இருந்தது. கப்ளரைக் கழற்றி ஒயரிங் பக்கம் பார்த்தேன், 12 வோல்ட் வந்தது (சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் வரும்). அப்புறம் சென்சார் பக்கம். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும், பெரும்பாலும் வெள்ளை, ஹீட்டருடையவை. நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம்கள் காட்ட வேண்டும், இதில் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சரி, இப்போது தைரியமாகக் காசு போடலாம்.

வாங்கும்போது கப்ளரோடு வருவதையே வாங்குங்கள். ஒயரை வெட்டி ஒட்டும் பொதுவான சென்சார் விலை குறைவுதான், ஆனால் நிறைய சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன, அங்கே சாலிடர் வைத்தால் மூச்சடைத்துவிடும். என்ஜின் கை சுடாத அளவு வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒயர் நுழைய வெட்டு உள்ள 22 எம்எம் சாக்கெட்டால் திருப்பினால் மரை கெடாமல் வரும். புதியதைக் கையாலேயே மரையேற்றுங்கள், நுனியில் பேஸ்டோ கிரீஸோ படவே கூடாது.

பி0135 கோடை அழித்துவிட்டு ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பார்த்தால், சூடானதும் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும். லைட் அணைந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், வண்டியின் கம்ப்யூட்டர் தன் சோதனையை மறுபடி ஓட்டி முடிக்கச் சில நாள் ஓட்டம் வேண்டும், திரும்ப வருவதாக இருந்தால் அதற்குள் வந்துவிடும்.