திருகோணமலை என்ற கப்பலும் அரை மில்லிமீட்டர் மர ஆணிகளும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் எச்எம்எஸ் ட்ரிங்கோமலி. ஆமாம், நம் திருகோணமலைதான். 1782-ல் அந்த ஊர்க் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையின் நினைவாக வைத்த பெயர். ஆனால் கப்பலைக் கட்டியது இலங்கையிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை. பம்பாயில், வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி என்ற பார்சி கப்பல் தச்சரின் மேற்பார்வையில், மலபார் தேக்கில் கட்டினார்கள். 1817 அக்டோபர் 12-ம் தேதி கடலில் இறக்கினார்கள். மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதைவிடப் பழையது இப்போது எதுவும் இல்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்ற கப்பல் இன்னும் மூத்தது, ஆனால் அது வறண்ட துறையில் தரையில் நிற்கிறது.

இந்தக் கப்பலைத்தான் நான் 64-ல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். இதன் வரைபடக் கதையைப் படித்த பிறகு வேறு கப்பல் எதிலும் மனம் போகவில்லை. 1812-ல் லண்டனில் ஆர்டர் போட்டு, வரைபடங்களை ஜாவா என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஜாவாவை பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அதே வருஷம் டிசம்பரில் அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடமும் போனது. மறுபடி ஒரு பிரதி அனுப்பி, அது வந்து சேர்ந்து, 1816-ல்தான் ஏரா என்கிற அடிக்கட்டையைப் போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்துக்கும் ஒரு பூர்விகம் உண்டு. லீடா வகை என்று சொல்லும் இந்தக் கப்பல்களின் உடல்வாகு, 1782-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த ஹெபே என்ற கப்பலைப் பார்த்து எடுத்தது. ஆக பிரெஞ்சு வடிவம், ஆங்கிலேய வரைபடம், கேரளத்துத் தேக்கு, பார்சித் தச்சர், தமிழ் ஊர்ப் பெயர். இதைவிட என்ன வேண்டும்!

மாதிரிக் கப்பல் செய்ய ஆசைப்பட்டு என்னிடம் யாராவது பேசினால் முதலில் நான் கேட்பது எந்த வருஷத்துக் கப்பல் என்றுதான். கேள்வி விசித்திரமாகத் தோன்றும். விக்டரி செய்யப்போகிறேன் என்பார்கள், பெட்டியில் வரும் கிட்டை வாங்கி அதில் உள்ளபடி ஒட்டினால் போதாதா என்பார்கள். தாராளமாகச் செய்யலாம், கை பழக அதுதான் நல்ல வழி, அதிலும் முதல் கப்பல் ஒற்றைப் பாய்மரம் உள்ள சின்னதாக இருந்தால் கடைசிவரை முடிப்பீர்கள். ஆனால் அதற்கு அடுத்த படிக்கு, அதாவது நுணுக்க வேலைக்கு, வரும்போது வருஷம் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது.

ட்ரிங்கோமலியையே பாருங்கள். 1819-ல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் சண்டைகளெல்லாம் முடிந்துவிட்டன, கப்பலுக்கு வேலை இல்லை, ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து 1845-ல் திரும்ப எடுத்து, பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து எடையைக் கூட்டி, பின்பக்கத்தை வட்ட வாகாக மாற்றிக் கட்டி, 1847-ல் 26 பீரங்கிக் கப்பலாகக் கடலுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் பயிற்சிக் கப்பலானது. 1897-ல் உடைக்க விற்றார்கள். வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றி, ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்றினார். 1987-ல் ஹார்ட்டில்பூல் கொண்டுவந்து, பழுதுபார்த்து, பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தார்கள். 2001-ல் வேலை முடிந்தது. இப்போது நீங்கள் இணையத்தில் பார்க்கும் படமெல்லாம் 1847-க்குப் பிந்தைய பின்பக்கத்தோடு இருக்கும் கப்பல். நான் செய்வது பம்பாயில் இறங்கியபோது இருந்த கப்பல். அதன் பின்பக்கம் தட்டையானது, ஜன்னல் வரிசையோடு, இரண்டு மூலைகளிலும் துருத்தி நிற்கும் பக்க மாடங்களோடு இருக்கும். முதன்மைப் பீரங்கித் தளத்தில் 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள் 28. ஒரு படத்தைப் பார்த்து ஆசையாக ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கப் போனால், அது முப்பது வருஷம் தாண்டி வந்ததாக இருக்கும். அதனால் படங்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, லீடா வகையின் பழைய வரைபடங்களிலிருந்துதான் வேலை செய்கிறேன்.

தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே செய்யலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யக் கூடாது. தேக்கில் நரம்பும் துளையும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியவை. 64-ல் ஒரு பங்கில் அந்தத் துளைகள் விரல் நுழையும் ஓட்டைகளாகத் தெரியும், கப்பல் செல்லரித்த மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் பேரி மரம், பாக்ஸ்வுட் என்று துளையே தெரியாத மரங்களைத் தேடுவார்கள். நமக்கு அதற்கு இணையாக மஞ்சக்கடம்பு இருக்கிறது. இழை நெருக்கமானது, மஞ்சள் நிறம், கத்தி போனால் விளிம்பு உதிராது. மேல்தளத்துக்கு வெட்பாலை. சென்னபட்டணத்து மரப்பொம்மை செய்கிற அதே மரம்தான். வெள்ளை வெளேரென்று, நரம்பே இல்லாமல், தேய்க்கத் தேய்க்கத் தந்தம் போல வரும். இவ்வளவு நல்ல மரம் பக்கத்திலேயே கிடைக்கும்போது வெளிநாட்டிலிருந்து பட்டைகளை வரவழைக்க வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். மரக்கடையில் துண்டாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கடைசல் பட்டறைகளில் கேளுங்கள், மிச்சத் துண்டுகள் கிடைக்கும்.

இந்தக் கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி நீளம். மாதிரியில் அது 72 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், மேசையை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வங்குகளை, அதாவது விலா எலும்பு போல நிற்கும் குறுக்குச் சட்டங்களை, ஏராவில் நிறுத்திய பிறகு ஆரம்பிப்பது இழைப்பு வேலை. ஒரு மெல்லிய பட்டையை வங்குகளின் மேல் முன்னிருந்து பின்வரை வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பட்டை தூக்கினாலோ இடைவெளி விட்டாலோ அந்த வங்கைத் தேய்க்க வேண்டும் அல்லது சன்னமாக ஒட்டுப் போட வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் எந்த வர்ணமும் மறைக்காது. பலகைகளும் முன்பக்கம் போகப்போகக் குறுகும். ஆனால் எந்தப் பலகையின் நுனியும் அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது, அப்படிப் போனால் நிஜத் தச்சர் அதில் ஆணி அடிக்க இடமிருக்காது. மாதிரி செய்கிறவர்கள் பலர் பலகையை ஊசிமுனையாக்கிச் சொருகிவிடுகிறார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும், ஆனால் அப்படிக் கட்டிய கப்பல் கடலில் நின்றிருக்காது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

சரி, நுணுக்கத்துக்கு வருகிறேன். ஒரு மாதிரிக் கப்பலின் புகைப்படத்தைப் பார்த்து நம் கண் இது பொம்மை என்று கண்டுபிடிப்பது எதை வைத்து? பெரும்பாலும் குறைந்துபோன நுணுக்கத்தை வைத்து இல்லை, பருத்துப்போன நுணுக்கத்தை வைத்துத்தான். செம்புத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்புழு துளைக்காமல் இருக்க நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு அடிப்பார்கள். வழக்கமான தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 64-ல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை மில்லிமீட்டர். வண்ணக் கண்ணாடி வேலை செய்கிறவர்கள் பயன்படுத்தும் ஒட்டுச் செம்பு நாடா 7/32 அங்குல அகலத்தில் கிடைக்கிறது, சொல்லிவைத்த மாதிரி அதே ஐந்தரை! 19 மில்லிமீட்டராக வெட்டி, பின்பக்கமிருந்து தொடங்கி, முன் தகடு பின் தகட்டின் மேல் ஏறும்படி ஒட்டிக்கொண்டே வர வேண்டும், அப்போதுதான் ஓடும் தண்ணீர் விளிம்பைப் பிடித்துக் கிளப்பாது. கிட்களில் வரும் சில தகடுகளில் ஆணித் தலைகள் பருக்கள் மாதிரி புடைத்திருக்கும். நிஜத்தில் அந்தத் தலைகள் தகட்டோடு படிந்தவை, இந்த அளவில் கண்ணுக்கே தெரியக் கூடாது. நான் ஆணியே போடவில்லை. செம்புக்கு மெருகும் பூசவில்லை. காற்றும் நாளும் சேர்ந்து அதுவாகவே பழுப்பாகிக்கொண்டு வருகிறது.

மேல்தளம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பத்து அங்குலப் பலகை நான்கு மில்லிமீட்டர் ஆகிறது, 24 அடி நீளம் 114 மில்லிமீட்டர். எல்லாப் பலகையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. ஒரு உத்தரத்தின் மேல் ஒரு பலகை முடிந்தால், நடுவில் மூன்று பலகை தாண்டித்தான் அதே உத்தரத்தில் அடுத்தது முடியலாம். பலகைகளுக்கு நடுவில் சணலைத் திணித்து மேலே தார் ஊற்றும் கலப்பற்று வேலை செய்திருப்பார்களே, அந்தக் கோடு இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேலே. ஒரு காகிதத்தின் தடிமன்தான். பலகையின் ஒரு விளிம்பில் கறுப்புக் காகிதத்தை ஒட்டி அடுத்ததைச் சேர்த்தால் போதும், தேய்த்து எடுத்த பிறகு கோடு நேராக, மெல்லிசாக நிற்கும்.

மர ஆணிகள்தான் பொறுமையைக் கேட்பவை. ஒன்றே கால் அங்குல ஆணி அரை மில்லிமீட்டர் ஆகிறது. அதற்கு மூங்கிலைவிட நல்லது எதுவும் இல்லை, ஏனென்றால் மூங்கிலின் நார் முனைக்கு முனை நேராக ஓடுகிறது. சௌகார்பேட்டையில் நகை ஆசாரிகளுக்கான சாமான் விற்கும் கடைகளில் வெள்ளிக் கம்பி இழுக்கும் துளைத்தகடு வாங்கலாம். மூங்கில் குச்சியை நான்காகப் பிளந்து, பெரிய துளையிலிருந்து ஒவ்வொன்றாகச் சின்னத் துளைக்கு இழுத்துக்கொண்டே போனால் அரை மில்லிமீட்டர் வரைக்கும் ஒடியாமல் வரும். பிறகு துளையிட்டு, பசை தொட்டு, சொருகி, வெட்டி, தேய்க்க வேண்டும். வெட்பாலையின் மேல் மூங்கில் அநேகமாகத் தெரியாது. ஒரு கை தூரத்தில் நின்றால் வெறும் பலகை, குனிந்து பக்கத்தில் போனால் வரிசை வரிசையாக ஆணிகள். அதுதான் வேண்டும். கறுப்புப் புள்ளிகளாகத் தூரத்திலிருந்தே தெரிகிற ஆணிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

பீரங்கிக்கு ஈயம் வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைத்தால் மரம் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். பித்தளையில் கடைந்து கறுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கயிற்று வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பழைய அட்டவணைகளில் கயிற்றின் அளவைச் சுற்றளவில்தான் சொல்வார்கள். ஒன்பது அங்குலக் கயிறு என்றால் அதன் குறுக்களவு மூன்று அங்குலத்துக்கும் குறைவு. மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். குறுக்களவு என்று நினைத்துக்கொண்டால் மூன்றரை மில்லிமீட்டரில் வடம் கட்டுவீர்கள். கயிற்றை நானே திரிக்கிறேன். மூன்று புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் விட்டால் கயிறு. நங்கூர வடம் அப்படித் திரித்த மூன்று கயிறுகளைத் திரும்ப எதிர்ப்பக்கம் முறுக்கியது, அதனால் சாதாரணக் கயிறுகளுக்கு நேர்மாறாக அதன் சாய்வு இருக்கும். இதைக் கவனிக்கிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர் இருந்தாலும் சரி, அந்த ஒருவருக்காக அதைச் சரியாகத் திரிக்கலாம். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளில் முன்னால் இருப்பதை மட்டும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கயிறால் சுற்றிக் கட்டியிருப்பார்கள், பாய் உரசி அறுத்துவிடாமல் இருக்க. மற்றவற்றுக்கு முழு நீளமும் சுற்று தேவையில்லை. ஏறிப் போகும் படிக்கயிறுகளின் இடைவெளி 13 அங்குலம், மாதிரியில் ஐந்து மில்லிமீட்டர். ஆள் ஏறும் படி என்பதை மறந்து எட்டு மில்லிமீட்டர் விட்டால் இருபது அங்குலத்துக்கு மேல் காலைத் தூக்கி வைக்கிற மாலுமி வேண்டும்.

சென்னையில் பருத்தி நூல் சரிப்படாது. மழைக்காலத்தில் விறைக்கும், வெயிலில் தொய்யும், மெல்லிய மரங்களை வளைத்தும்விடும். பாலியஸ்டர் நூலைத் திரித்தால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. பலகை ஒட்டும் வேலையையும் ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்வதில்லை. ஈரத்தில் ஊதிய பலகையை ஒட்டினால் மாசி, பங்குனியில் இடைவெளி காட்டும். அந்த மழை மாதங்களில் கப்பிகள், பீரங்கி வண்டிகள் என்று உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை ஏராளம்.

இப்போது கையில் இருப்பது முகப்புச் சிற்பம். தலைப்பாகை கட்டிய ஒரு மனிதன். திருகோணமலைக்காரர் என்று அவர்கள் நினைத்த உருவம். சுண்டுவிரல் நுனி அளவு மஞ்சக்கடம்பு, பல் மருத்துவர் துளைக்கருவியின் முனைகள், ஒரு நல்ல பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் சாமான். தலைப்பாகையின் மடிப்புகள் வந்துவிட்டன, முகம் பாக்கி. அதற்கு முன்னால் பின்பக்க ஜன்னல்களுக்கு மைக்காவா கண்ணாடியா என்று முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்திருந்தால் எது என்று எனக்கு எழுதுங்கள்.