குதிகால் வலியும் காலை நடையும்

58 வயதில் நடைப்பயிற்சி தொடங்கியிருக்கிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் முள் குத்துவது போல வலி. கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார் டாக்டர். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை, திடீரென்று கூடிய சுமையைத் தாங்காமல் நைந்துபோகிறதாம்.

எழுவதற்கு முன்பே கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்து வைத்திருக்கிறேன். பிறகு சுவரில் கையூன்றி கெண்டைக்காலை நீட்டுவது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கெண்டைச்சதை இறுகினால் குதிகால்தான் இழுபடும். சாயங்காலம் ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவேன்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதை அடியோடு நிறுத்துங்கள். அடுப்படியிலும் எனக்கு எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புதான். வீட்டுக்குள் செருப்புப் போடத் தயக்கமாக இருந்தால் வீட்டுக்கென்று தனி ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கு' என்றால் பயப்பட வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வலி கூடும் நாட்களில் நடைக்குப் பதில் சைக்கிள். சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்துப்போகிறவர்கள் மட்டும் ஐஸ் வைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.