அமைச்சருக்கு முன் இருந்த எழுத்தாளர்

சீன எழுத்தாளர் வாங் மெங்கை இன்று 20க்கும் அதிகமான மொழிகளில் படிக்கிறார்கள். முன்னாள் அமைச்சர் என்பதால் வந்த புகழ் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1956இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தின் மெத்தனத்தைக் கதையாக்கியவர் அவர். அதற்குக் கிடைத்தது 'வலதுசாரி', அதாவது கட்சிக்கு எதிரானவர் என்ற முத்திரை. 1963இல் சீனாவின் வடமேற்கிலுள்ள சிஞ்சியாங் போனவர் பெய்ஜிங் திரும்ப 1979 ஆகிவிட்டது. அங்குள்ள இலி பகுதியில், உய்குர் இன விவசாயிகளோடு வயலில் இறங்கி வேலை செய்தார், அவர்கள் மொழியைச் சரளமாகக் கற்றுக்கொண்டார். ஒதுக்கப்பட்ட ஒரு மனிதர் போன இடத்தை இவ்வளவு நேசிக்க முடியுமா என்று வியந்துபோகிறேன்.

அப்புறம் 1986 முதல் 1989 வரை கலாச்சார அமைச்சர். சரி, பதவி வந்தது, போனது. எழுபதுகளில் அந்த உய்குர் கிராமத்தைப் பற்றி எழுதிய நாவல் 2013இல்தான் வெளிவந்து, 2015இல் சீனாவின் உயரிய நாவல் விருதான மாவ் துன் விருது பெற்றது. அவரைப் படிக்க நினைப்பவர்கள் சிஞ்சியாங் கதைகளிலிருந்து தொடங்குங்கள்.