இரண்டு உயில்களில் இரண்டு காப்பாளர்கள்

நாங்கள் இருவருமே இல்லாமல் போனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை உயிலில் எழுதி முடிக்க ஐந்து மாதங்கள் பிடித்தன. சொத்து விவரம் ஒரே அமர்வில் முடிந்தது. காப்பாளர் பற்றிய அந்த ஒரு பத்திதான் எங்களை இழுத்தடித்தது.

முதல் வரைவில் என் கணவரின் அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தோம். அவருக்கு 61 வயது, எங்கள் சின்னவளுக்கு 5. அவள் 18 வயதைத் தொடும்போது அவருக்கு 74 ஆகிவிடும் என்ற எளிய கணக்கு வீடு திரும்பிய பிறகே உறைத்தது. தயங்கித் தயங்கி அவரிடம் பேசியபோது, "என்னைக் கேட்காமலா என் பெயரைப் போட்டீர்கள்?" என்றார். கேட்டிருக்க வேண்டும்தான். உயிலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும் என்பதில்லை. அவர் மறுத்துவிட்டால் முடிவு நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடும்.

அடுத்து என் தங்கையைக் கேட்டோம். அவள் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்ததும், திருத்தத்தை வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன். எழுத்தில் கொடுக்காதது என் தவறு. கையெழுத்திடச் சென்ற நாளில், பக்க ஓரங்களில் அவர் பென்சிலால் இட்டிருந்த பெருக்கல் குறிகளைப் பார்த்து நான் வரிசையாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருக்க, வரி விடாமல் படிக்கும் வழக்கமுள்ள என் கணவர் தம் உயிலின் நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். அதில் அண்ணன் பெயர் அப்படியே இருந்தது. என் உயிலில் மட்டும் தங்கை பெயர். அப்படியே விட்டிருந்தால், இரு குடும்பங்களும் ஆளுக்கோர் உயிலோடு வழக்காட நேர்ந்திருக்கும். "உங்கள் உயிலை மாற்றத்தானே சொன்னீர்கள்?" என்றார் குமாஸ்தா. அன்றைய பயணம் வீண்.

மறுமுறை தங்கையையே சாட்சியாக அழைத்துச் சென்றேன். உயிலில் என் நகைகளில் சில அவளுக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்ட வழக்கறிஞர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். உயிலால் பயன் பெறுபவர் சாட்சிக் கையெழுத்திட்டால், அவருக்கு எழுதியது செல்லாமல் போகும் என்பது பல நாடுகளின் சட்டம். அவசரமாக வேறொரு நண்பரை வரவழைத்தோம்.

அந்த வழக்கறிஞரிடம் உருப்படியாகக் கற்றவையும் உண்டு. தங்கையோடு அவள் கணவர் பெயரையும் சேர்க்கவிருந்தோம். நாளை அவர்கள் பிரிந்தால் குழந்தை யாரிடம் என்று அவர் கேட்டதும் தங்கை பெயரை மட்டும் வைத்தோம். வளர்ப்பவர் கையிலேயே முழுப் பணத்தையும் கொடுக்காமல், அதை நிர்வகிக்க வேறொருவரை நியமித்தோம்.

மாற்றுக் காப்பாளராக அண்ணனின் மூத்த மகளைப் போட்டிருக்கிறோம், இம்முறை முன்கூட்டியே கேட்டுவிட்டு. அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "சித்தி, பெரியவன் இன்னும் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குகிறானா?" என்று கேட்டாள்.