பத்துக்குப் பத்து அறையும் 55 ஹெர்ட்ஸும்

நான்கு மாதமாக ஒரே டிராக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். நிமிடத்துக்கு 124 தாள அடி வேகம், ஏ மைனர் ஸ்கேல். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் டிரம், அதன் மேல் என் நண்பன் எங்கள் மொட்டை மாடியில் வாசித்துக் கொடுத்த பறை. சைதாப்பேட்டையில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு. மின்சார ரயில் போகாத இடைவெளியாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தோம். வாசிக்கும் முன் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறைத் தோலைக் காய்ச்சினான். சூட்டில் தோல் இறுக இறுக, சத்தம் மந்தமாக இருந்தது கணீரென்று மாறியதைப் பக்கத்தில் நின்று கேட்டது எனக்குப் பெரிய அனுபவம். அந்தக் கணீர் டிராக்கிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மெட்டும் அமைப்பும் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டன. மற்ற நாளெல்லாம் மிக்ஸிங்தான், ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் ஒன்றோடொன்று பொருத்திச் சமன் செய்யும் வேலை.

முதல் மிக்ஸை ஐந்தாறு பேருக்கு அனுப்பி “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். எல்லோரும் “சூப்பர்” என்றார்கள். அன்பான பதில், ஆனால் அதை வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடரைக்கூட நகர்த்த முடியாது. அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். எந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றியது? எது சரியாகக் கேட்கவில்லை? எங்கே அலுத்தது? இந்த மூன்றைக் கேட்ட பிறகுதான் உருப்படியான பதில்கள் வந்தன.

அக்கா மகள் போனிலேயே கேட்டுவிட்டு, “மாமா, பறை வர்ற வரைக்கும் டிக் டிக்னுதான் கேக்குது” என்றாள். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். பறை வருவது 33-வது பாரில், அதாவது 1 நிமிடம் 2 விநாடியில். அதற்கு முன்னால் ஓடுவது முழுக்க அடி ஸ்வரங்களில் போகும் பேஸ் லைன். அந்தப் பேஸ் அவளுக்குக் கேட்கவே இல்லை.

போன் ஸ்பீக்கரில் அடி ஸ்வரம் கேட்காது என்பது தெரிந்ததுதான் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணனும் அதையே சொன்னபோது யோசிக்க வேண்டியதாயிற்று. ஆடி மாதத்தில் அம்மன் கோவில் கூழ் ஊற்றும் விழாக்களுக்கெல்லாம் பாக்ஸ் கட்டுபவர் அவர். குடோனில் 18 அங்குல சப் ஊஃபர் இரண்டில் போட்டுக் காட்டினார். பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். “தம்பி, அடி வருது, ஆனா வயித்துல நிக்க மாட்டேங்குது. இன்னொண்ணு, உன் கிக்கும் பேஸும் ஒரே நேரத்துல பேசுது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரை உக்கார வை.”

என் அறையில் அதே டிராக் பீரோ கதவு அதிரும் அளவுக்கு பேஸோடு ஓடுகிறது. அங்கே எப்படி மெலிந்து போனது?

அன்று இரவே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரு சைன் டோன் (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) போட்டு, 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 55 வந்ததும் அறையே உறுமியது. அதை அப்படியே ஓடவிட்டு எழுந்து நடந்தேன். நான் வேலை செய்யும் மூலையில் காதை அடைக்கிற சத்தம். அறையின் நடுவில் வந்து நின்றால் டோன் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. இரண்டடி பின்னால் போனால் மறுபடி வந்தது. மூலைக்கும் நடுவுக்குமாக நாலைந்து தடவை நடந்து பார்த்தேன்.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். வேகத்தை அந்த நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்த அலை சுவர்களுக்கு இடையே நின்றுகொண்டு, சுவரோரம் பெருத்தும் நடுவில் வற்றியும் கேட்கும். சென்னையில் வாடகைக்குக் கிடைக்கிற பத்துக்குப் பத்து அறைகளில் நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு திசையிலும் அதே 56. என் பேஸ் லைனின் முக்கிய ஸ்வரமோ 55. கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டதால் மேசையை மூலையில் தள்ளியிருந்தேன், தலைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண்தான். இல்லாத பேஸை இருப்பதாகக் கேட்டு, அதிகம் என்று நினைத்து குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் இக்யூவில் 5 டெசிபல் வெட்டியிருக்கிறேன். அண்ணனின் பாக்ஸ் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது.

இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்திப் பார்த்தேன். மேல் சத்தத்தின் எதிரொலி குறைந்தது, 55 அசையவில்லை. அதன் அலைநீளமே 6 மீட்டருக்கு மேல், ஒரு மெத்தை அதற்கு எம்மாத்திரம்! கடைசியில் கட்டிலைச் சுவரோரம் திருப்பிப் போட்டு, மேசையை இடவலத்தில் நடுவுக்கும், என் தலை முன்சுவரிலிருந்து 3.8 அடியில் இருக்கும்படியும் நகர்த்தினேன். அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது பலரும் தொடங்கும் இடம். பெரிய வித்தியாசம். இக்யூவில் வெட்டிய 5 டெசிபலைத் திரும்ப வைத்துவிட்டேன். அப்புறம் பேஸுக்கு லேசாக சாச்சுரேஷன் போட்டேன், ஒலியைக் கொஞ்சம் சிதைத்து மேல் ஸ்வரங்களைச் சேர்க்கும் வித்தை. 110, 165, 220 என்று மேல் ஸ்வரங்கள் முளைத்தால், போன் ஸ்பீக்கர் 55-ஐத் தராவிட்டாலும் காது அதை நிரப்பிக்கொள்ளும். அக்கா மகளிடம் மறுபடி போட்டுக் காட்டினேன். பறை வரும் முன்னாலேயே தலையை ஆட்டினாள்.

அண்ணன் சொன்ன “உக்கார வை” என்பது சைடுசெயின்தான். கிக் விழும்போது பேஸ் 6 டெசிபல் இறங்கும். பேஸ் மறுபடி எழ எடுக்கும் நேரமான ரிலீஸை முதலில் 400 மில்லி விநாடி வைத்திருந்தேன். 124 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பதே 484, அதனால் பேஸ் எழுந்து நிற்பதற்குள் அடுத்த கிக் வந்துவிட்டது. 180-க்குக் குறைத்ததும் இரண்டும் மாறி மாறி மூச்சு விட ஆரம்பித்தன.

பறை வாசித்த நண்பனிடம் கடைசியாகத்தான் காட்டினேன், கொஞ்சம் பயத்தோடு. ஒரே வாக்கியம் சொன்னான்: “சிண்டுக் குச்சி எங்கடா போச்சு?” மெல்லிய நீளக் குச்சியின் சுளீர் என்ற அடியை, உரத்த சத்தத்தை அமுக்கும் என் கம்ப்ரஸர் முழுங்கியிருந்தது. அது எவ்வளவு வேகமாக அமுக்குகிறது என்பதைச் சொல்லும் அட்டாக் 1 மில்லி விநாடி. 25-க்கு ஏற்றினேன். மொட்டை மாடியில் கேட்ட கணீர் திரும்பி வந்தது. அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. என் காது மழுங்கிய பறைக்கே பழகிப்போயிருந்தது.

ஏழாவது மிக்ஸை எடுத்துக்கொண்டு நேற்று மறுபடி குடோனுக்குப் போனேன். அண்ணன் பாக்ஸ் மேல் கையை வைத்தார். 33-வது பாரில் பறை நுழைந்ததும் கையை எடுத்து, பாக்ஸுக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று முழுதாகக் கேட்டார். “இப்ப நிக்குது. ஆனா அந்த சிம்பல் ரொம்ப நேரம் கேட்டா குத்தும்.” ஓப்பன் ஹை-ஹாட்டைத்தான் சொல்கிறார். இன்று இரவு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் இறக்கிப் பார்க்க வேண்டும்.