அருவங்காட்டு வீட்டின் காகிதங்கள்

மலையில் வீடு விற்கிறோம் என்றால் எல்லோரும் கேட்பது ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பதைத்தான். வாங்குபவரின் வக்கீலுக்கு மட்டும் அந்த ஆர்வம் கிடையாது. அதனால் புரோக்கரிடம் போவதற்கு முன்பே காகிதங்களைத் திரட்டிவிடுவது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, 1984இல் ஜெகதளா பக்கம் ஏழு சென்ட் வாங்கிக் கட்டிய வீடு அது. அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் போன பிறகு பூட்டியே கிடந்தது.

பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதல் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், போட்டோம். அப்பாவின் கிரயப் பத்திரம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே 1991இல் ஓர் அடமானம்! மாடி அறை கட்ட ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன். சம்பளத்தில் பிடித்துப் பிடித்தே அதை அடைத்தார். பத்திரத்தைத் திரும்ப வாங்கிப் பீரோவிலும் வைத்துவிட்டார். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை மட்டும் சங்கம் எழுதிப் பதிவு செய்து தரவில்லை. அது பதிவாகாதவரை, வில்லங்கச் சான்றைப் பார்ப்பவருக்கு அடமானம் உயிரோடு இருப்பதாகவே தெரியும். சங்கத்தில் விசாரித்தால், பழைய பேரேடுகள் மழையில் நனைந்து போய்விட்டன என்றார்கள். எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் பாஸ்புத்தகம். கடைசிப் பக்கத்தில் மங்கிய ஊதா முத்திரை, பக்கத்தில் ‘கணக்கு நேர் செய்யப்பட்டது’ என்று மையால் எழுதிய ஒரு வரி, அதன் கீழ் கையெழுத்து. அதைக் காட்டிய பிறகும் சங்கத்துச் செயலரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைப்பதற்குள் ஒரு தேயிலைப் பருவமே முடிந்துவிட்டது.

வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம் இரண்டும் தாலுகா அலுவலகத்து வழக்கப்படி மெல்ல நடந்தன, சொல்ல ஒன்றுமில்லை. உயில் இல்லாததால் அக்கா, நான், சார்ஜாவில் இருக்கும் தம்பி மூவருக்கும் சம பங்கு. தம்பி வர முடியாததால் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பினான். அப்படி வந்த ஆவணத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

நில அளவைதான் ரசமான பகுதி. பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, இப்படி: வடக்கே பொது நடைபாதை, தெற்கே ஓடை, மேற்கே தேயிலைத் தோட்டம், கிழக்கே சில்வர் ஓக் மர வரிசை. மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். கிழக்கு எல்லை எங்கே என்பது பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எங்களுக்கும் ஆளுக்கொரு மாதிரித் தெரிந்தது. கட்டணம் கட்டி சர்வேயரை அழைத்தோம். அவர் புலப்படத்தை விரித்து, சங்கிலியை இழுத்து, ஓர் இடத்தில் நின்று “இங்கே வெட்டுங்கள்” என்றார். உன்னிப் புதரை வெட்டி மண்ணைக் கிளறியதும் தலையில் அம்புக்குறி செதுக்கிய கல் தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன இடத்துக்கு ஒன்றரை அடி அந்தப் பக்கம். அவரையும் நிற்க வைத்து வரைபடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

சமவெளியில் கேட்காத கேள்விகள் இங்கே உண்டு. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், அதற்கான குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. எங்கள் சர்வே எண் அதில் இல்லை என்பதை வக்கீலே பார்த்து எழுதித் தந்தார். அடுத்து, அனுமதி பெற்ற கட்டட வரைபடம். அதில் மாடி அறை இருந்தது. பின்னால் போட்ட தகரக் கொட்டகை இல்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கோப்பின் முதல் பக்கமாக வைத்தேன். கொட்டகைக்கு அனுமதி இல்லை. பேரூராட்சிக் குழாயில் தினமும் தண்ணீர் வராது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். கார் வீட்டு வாசல்வரை வராது, படி இறங்க வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளின்போது எங்கள் மேல்புறத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது. மறு ஆண்டு நீர் வடியும் துளைகள் வைத்துத் திரும்பக் கட்டினோம்.

புரோக்கர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “அக்கா, சுவரைப் பற்றி அவர்கள் கேட்டால் சொல்லலாம். நாமாக ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?”

சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55ஐக் காட்டினேன். சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். புதுச் சுவரைப் பார்க்கும் கோயம்புத்தூர்க்காரருக்குப் பழைய சுவர் எப்படித் தெரியும்?

கோயம்புத்தூர்த் தம்பதியர்தான் வாங்கினார்கள். அந்தத் தாளை வைத்தே விலையைக் குறைக்கவும் செய்தார்கள். தம்பி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். விலை பேசிய மழைக்காலத்தில் அவர்களே ஒரு பொறியாளரை அழைத்து வந்து சுவரைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு வார்த்தை மாறவில்லை.

கடைசிச் சிக்கல் வரி. மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். மூன்றாகப் பங்கிட்டால் ஆளுக்கு 50 லட்சத்துக்குள் வந்துவிடும் என்ற பழைய கணக்கு 2024 அக்டோபரோடு போயிற்று. தம்பி வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் அவன் பங்குக்கு அந்த வரம்பே இல்லை. பிடித்தமும் பல மடங்கு அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றுக்கு அவன் வருமான வரித்துறையில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விற்ற லாபத்தைக் கணக்கிட, 2001 ஏப்ரல் 1 அன்று வீட்டின் மதிப்பு என்ன என்பதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கையும் வேண்டும். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தது அந்தச் சான்று கைக்கு வந்த பிறகுதான்.